ஐஐடி மெட்ராஸில் இடம் கிடைத்தால் எவ்வளவு பணம் வேண்டும், எந்தத் தேதிக்குள்?

கேள்வி இதுதான். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன், கணக்கில் கெட்டி, படித்தால் ஐஐடி மெட்ராஸ்தான் என்று பிடிவாதமாக இருக்கிறாள், என் சம்பளம் ஆண்டுக்கு நாலே கால் லட்சம், மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார், இடமே கிடைத்தாலும் எங்களால் கட்ட முடியுமா, மொத்தம் எவ்வளவு ஆகும்?

முடியும். நாலு வருடத்துக்கும் சேர்த்து உங்கள் குடும்பத்துக்கு எட்டு லட்சத்தைச் சுற்றி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போனால் நடுவில் எங்காவது இடறும். நான் அங்கே படித்தவன், அப்புறம் இத்தனை வருடமாகத் தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நான் பார்த்த குடும்பங்களில் மொத்தத் தொகையைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் குறைவு, ஒரு குறிப்பிட்ட நாளில் கையில் ஒரு குறிப்பிட்ட தொகை இல்லாமல் தவித்தவர்கள்தான் அதிகம்.

2024-ல் நடந்த ஒன்றைச் சொன்னால் புரியும். உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கம் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன், பட்டியல் சாதி மாணவர், தன் இரண்டாவது வாய்ப்பில், அதாவது கடைசி வாய்ப்பில், ஐஐடி தன்பாத்தில் எலெக்ட்ரிக்கல் இடம் வாங்கிவிட்டார். இடத்தை ஏற்றுக்கொள்ள 17,500 ரூபாய் கட்ட வேண்டும், கடைசி நேரம் ஜூன் 24 மாலை 5 மணி. ஊரில் அங்கே இங்கே கேட்டுப் பணத்தைத் திரட்டி முடிக்கும்போதே மணி ஐந்தை நெருங்கிவிட்டது, இணையத்தில் ஏற்றுவதற்குள் நேரம் போய்விட்டது, இடமும் போய்விட்டது. அந்த வருடம் ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டை நடத்தியது ஐஐடி மெட்ராஸ் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து பார்த்தார்கள், கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இதில் கவனிக்க வேண்டியது, பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஐஐடியில் கல்விக் கட்டணமே கிடையாது. லட்சக்கணக்கான கட்டணத்தை அரசு விட்டுக்கொடுத்த ஒரு மாணவரை 17,500 ரூபாய் வெளியே நிறுத்தியது.

சரி, கணக்குக்கு வருவோம். ஐஐடிகளில் பி.டெக் கல்விக் கட்டணம் 2008-ல் ஆண்டுக்கு 25,000-லிருந்து 50,000 ஆனது, 2013-ல் 90,000 ஆனது, 2016-ல் ஒரே தாவலில் இரண்டு லட்சம். செமஸ்டருக்கு ஒரு லட்சம். அந்தத் தாவலோடு சேர்த்தே சலுகைகளையும் அறிவித்தார்கள், ஆனால் செய்தியாகப் பரவியது இரண்டு லட்சம் மட்டும்தான், அதனால்தான் இன்றைக்கும் பாதிப் பேர் ஐஐடி என்றாலே பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று நினைக்கிறார்கள். சலுகை இப்படி: பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு, வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழு விலக்கு, ஒன்றிலிருந்து ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. உங்களுக்கு இரண்டு லட்சம் என்பது 66,667 ரூபாய் ஆகிவிடும்.

இது கல்விக் கட்டணம் மட்டும். விடுதி, மெஸ், மருத்துவக் காப்பீடு, பதிவு, தேர்வு, இன்னும் பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்னத் தலைப்புகள் எல்லாம் தனி, இவற்றுக்குச் சலுகை பொதுவாகக் கிடையாது. எல்லாம் சேர்த்து ஆண்டுக்குத் தொண்ணூறாயிரம் என்று போட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் முன்பின் இருக்கும். மாதம் மூவாயிரத்துச் சொச்சம் கைச்செலவு, ஊருக்கு வந்துபோகிற செலவு, அது ஒரு நாற்பதாயிரம். ஆக ஆண்டுக்கு இரண்டு லட்சம். முதல் வருடம் மட்டும் லேப்டாப், ஒரு சைக்கிள், படுக்கை, பக்கெட் என்று கூடுதலாகப் போகும். சைக்கிள் ஆடம்பரம் இல்லை, அறுநூறு ஏக்கருக்கு மேல் காடு மாதிரி இருக்கிற வளாகம் அது. விடுதிகளுக்கெல்லாம் நதிகளின் பெயர், வழியில் புள்ளிமான்கள் நிற்கும், காலை எட்டு மணி வகுப்புக்கு நடந்து போகிறேன் என்று கிளம்பினால் மானைப் பார்த்துக்கொண்டே வகுப்பைத் தவறவிடலாம். குரங்குகளும் உண்டு, ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பதை எல்லாரும் ஒருமுறை அனுபவித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

இப்போது உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருகிற இடம். உங்கள் சம்பளம் நாலே கால், மனைவியின் தையல் வருமானத்தைச் சேர்த்தால் எவ்வளவு? ஐந்து லட்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் 66,667, அந்தப் பக்கம் ஒரு காலை வைத்தாலும் முழுதாக இரண்டு லட்சம். நடுவில் படிக்கட்டே இல்லை, நேராகப் பள்ளம். 4,90,000 வருமானம் உள்ள வீட்டுக்கும் 5,10,000 வருமானம் உள்ள வீட்டுக்கும் நடுவே கட்டணத்தில் ஆண்டுக்கு 1,33,333 ரூபாய் வித்தியாசம், நாலு வருடத்தில் ஐந்தே கால் லட்சத்துக்கு மேல். இருபதாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு இந்தத் தண்டனை. என்னைக் கேட்டால் இந்த அமைப்பில் நிஜமாக மாட்டிக்கொள்வது ஏழைகளை விட ஐந்திலிருந்து எட்டு லட்சம் வரை வாங்குகிற வீடுகள்தான், அவர்களுக்குப் பெரும்பாலும் கடன்தான் வழி. நீங்கள் அந்தக் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறீர்கள், அடுத்த இரண்டு வருடத்தில் ஒரு சம்பள உயர்வு வந்தாலே தாண்டிவிடுவீர்கள். அதனால் இரண்டு லட்சமும் கட்ட வேண்டியிருந்தால் என்ன செய்வது என்றும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மொத்தம் எட்டு லட்சம் என்பது பதிமூன்று, பதிமூன்றரை லட்சத்துக்குப் போகும். வருமானத்தைக் குறைத்துக் காட்டலாமா என்று யாராவது காதில் ஓதுவார்கள், வேண்டாம். உங்களுக்கு சம்பளச் சீட்டு இருக்கிறது, பி.எஃப் பதிவு இருக்கிறது, பின்னால் தெரிந்தால் மகளின் இடத்துக்கே ஆபத்து.

வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் அறுபது ரூபாய்தான். ஆனால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும், ஜூன் மாதத்தில் ஊரே அந்த மேஜைகளில்தான் நிற்கும். நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. நம் ஊர் நிரந்தர சாதிச் சான்றிதழ் ஐஐடிக்குப் போதாது, மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி கிரீமி லேயர் (வசதியான பிரிவு) அல்லாதவர் என்ற சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். போன வருடம் அண்ணனுக்கு வாங்கியது, எனக்குப் பிளஸ் ஒன்னில் வாங்கியது என்பதெல்லாம் செல்லாது. நான் பார்த்த ஒரு பையன் நல்ல ரேங்க் வாங்கியும் இந்தச் சான்றிதழில் தேதி பழையது என்பதால் பொதுப் பிரிவுக்குத் தள்ளப்பட்டான்.

அரசு உதவிகளில் நம்மவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வில் சேருகிறவர்களுக்கு, ஐஐடிக்கு அது வராது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான், போதாததற்கு உங்கள் மகள் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி, அது அரசுப் பள்ளிக் கணக்கில் வராது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை மூலம் ஐஐடி, என்ஐடியில் படிக்கும் தமிழக மாணவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் வரை உதவித்தொகை உண்டு, நல்ல திட்டம், ஆனால் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம், நீங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள்.

ஆக, உங்களுக்கு மிஞ்சுவது மூன்றில் இரண்டு பங்கு விலக்கும் கல்விக் கடனும். கடனைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயம் பெயர் தெரியாத கல்லூரிகளுக்கு நியாயம்தான், ஐஐடிக்குத் தேவையில்லை. ஐஐடி மாணவருக்குக் கடன் கொடுக்க வங்கிகள் பொதுவாகத் தயாராகவே இருக்கும். 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் முன்னணிக் கல்வி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த சலுகைக் காலத்திலும் 3 சதவீத வட்டி மானியம், ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. நாலரை லட்சத்துக்குள் இருந்தால் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அந்தக் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்கும். பாருங்கள், நாலரையில் ஒரு கோடு, ஐந்தில் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் உங்கள் வீடு! வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்கினால் இந்த மானியம் கிடையாது என்பதையும் கவனியுங்கள், இரண்டில் எது லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மானியமே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மோசமான கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், நாலு வருடத்தில் ஆறு லட்சம் கடன், மீதியை நீங்கள் கையிலிருந்து போடுகிறீர்கள். வட்டி 9 சதவீதம், படிக்கும் நாலு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, தனி வட்டி. அந்த ஐந்து வருடம் முடியும்போது வட்டி மட்டும் 1,89,000 ஏறியிருக்கும், மொத்தம் 7,89,000. பத்து வருடத் தவணை என்றால் மாதம் பத்தாயிரம். இதையே படிக்கும்போது வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்தால், முதல் வருடம் மாதம் 1,125 ரூபாய், நாலாவது வருடம் 4,500 ரூபாய், கடைசியில் தவணை மாதம் 7,600-ஆக நிற்கும். முடிந்தால் இரண்டாவது வழி. வேலைக்குப் போன பிறகு மகளோ நீங்களோ கட்டுகிற வட்டிக்கு வருமான வரியில் எட்டு வருடம் வரை கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

மாதம் பத்தாயிரம் என்பது அங்கே படித்து வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய சுமை இல்லை. அதற்காக நாளிதழில் வருகிற ஒரு கோடிச் சம்பளத்தை நம்பிவிடாதீர்கள். அது ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு, அதிலும் பாதி நிறுவனப் பங்குகளாக நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. எல்லாருக்கும் முதல் நாளே வேலை கிடைப்பதில்லை, சில துறைகளில் கடைசி வரை உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளும் உண்டு.

இன்னொரு செலவை நீங்கள் கேட்கவே இல்லை, எல்லாரும் மறப்பது அதைத்தான். உள்ளே போவதற்கு முன்னால் ஆகிற செலவு. பெரிய கோச்சிங் மையங்களில் இரண்டு வருட வகுப்புக்கு இரண்டு மூன்று லட்சம் சாதாரணமாகப் போகும், வெளியூரில் தங்கிப் படித்தால் அதற்கு மேல். உங்கள் குடும்பத்துக்கு ஐஐடியில் நாலு வருடக் கல்விக் கட்டணமே மேலே சொன்ன கணக்கில் 2,66,668 ரூபாய்தான். இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லாமலே அந்தப் பணத்தை முதலிலேயே கொட்டுகிறோம்! 23 ஐஐடிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 18,000 இடங்கள், முதல் கட்டத் தேர்வான ஜேஇஇ மெயினில் பெயர் கொடுப்பவர்கள் பத்து லட்சத்துக்கு மேல், அவர்களில் முதல் இரண்டரை லட்சம் பேர்தான் அட்வான்ஸ்டு எழுதவே முடியும். சேமிப்பு முழுவதையும் கோச்சிங்கில் போட்டுவிட்டு, இடம் கிடைத்த ஜூனில் கடனுக்கு அலைகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கோச்சிங்குக்கு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள், அதைத் தாண்டாதீர்கள். மத்தியக் கல்வி அமைச்சகமும் ஐஐடி கான்பூரும் சேர்ந்து நடத்தும் சாத்தி என்ற இணையப் பயிற்சித் தளம் இலவசம், அட்வான்ஸ்டின் பழைய வினாத்தாள்கள் இலவசம், என்சிஇஆர்டி புத்தகங்களும் இலவசம். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கிற ஒழுங்கு மகளுக்கு இருந்தால் பாதி கோச்சிங் அதிலேயே முடிந்தது. ஒரு விஷயம், மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது, ஆனால் அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழியில் படிக்கிறாள் என்றால் இப்போதிருந்தே ஆங்கிலக் கேள்விகளைப் பழகட்டும்.

பெண் பிள்ளைகளுக்குச் சாதகமான ஒன்று உண்டு. 2018-லிருந்து பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கி, அவர்கள் பங்கு 20 சதவீதத்துக்கு வருமாறு செய்தார்கள். ஆண்களின் இடம் எதையும் எடுக்காமல் மேலே சேர்த்த இடங்கள் இவை. அதனால் அதே துறைக்குப் பெண்கள் பிரிவில் கடைசி ரேங்க் பொதுவாகக் கொஞ்சம் தளர்வாக இருக்கும்.

ஐஐடி மெட்ராஸ் கிடைக்கவில்லை என்றால்? இதை மகளிடம் இப்போதே பேசி வையுங்கள். திருச்சி என்ஐடியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,25,000, வருமானச் சலுகை ஐஐடி மாதிரியேதான், பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு, ஜேஇஇ மெயின் ரேங்க் போதும். கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது, பிளஸ் டூ கட்-ஆஃப் மட்டும் போதும், கட்டணம் ஐஐடியின் இரண்டு லட்சத்தில் கால் பங்கு கூட வராது, மேலே சொன்ன முதல் பட்டதாரி சலுகையெல்லாம் அங்கேதான் செல்லும். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 200-க்கு மிக அருகில் கட்-ஆஃப் வேண்டும், அது வேறு கதை. பிலானி பிட்ஸ் மாதிரியான தனியார் இடங்கள் தரத்தில் குறைந்தவை இல்லை, ஆனால் நாலு வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும், உங்கள் வருமானத்தில் முழுக் கடனில் அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வராது. இன்னொரு வழியும் உண்டு, பலர் யோசிப்பதில்லை: பி.இ கிண்டியில் முடித்துவிட்டு கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக்குக்கு ஐஐடி போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை அவர்களே கொடுப்பார்கள். பிஎச்.டிக்கு 2023 முதல் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000.

மறுபடியும் தேதிக்கே வருகிறேன். பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே வருமானச் சான்றிதழுக்கும் ஓபிசி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான ஜோசா கலந்தாய்வில் இடம் ஒதுக்கியதும் சில நாட்களுக்குள் ஏற்புக் கட்டணம் கட்ட வேண்டும், பின்னால் கல்லூரிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள், ஆனால் அந்த நாளில் அது உங்கள் கையில் இருந்தாக வேண்டும். கல்விக் கடன் அதற்குள் வராது, சேர்க்கைக் கடிதம் இல்லாமல் வங்கி ஃபைலையே திறக்காது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கிளை மேலாளர் விடுப்பில் போனதால் மூன்று வாரம் ஃபைல் நகரவில்லை. இந்த இடைவெளியைத் தாண்ட நம் வீடுகளில் எப்போதும் இருக்கிற வழி நகைக்கடன்தான். அப்துல் கலாம் சென்னை எம்ஐடியில் சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவர் அக்கா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் கொடுத்தார். வங்கியிலேயே வையுங்கள், அரை நாளில் கிடைக்கும், கல்விக் கடன் வந்ததும் மீட்டுவிடலாம். முதலில் கட்டிய தொகையை ரசீது காட்டிக் கடனில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று வங்கியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அப்புறம், மே மாதத்திலேயே உங்கள் வங்கிச் செயலியில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று பாருங்கள். கல்விக் கட்டணத்துக்கு யுபிஐ வரம்பை 2023 டிசம்பரில் ஐந்து லட்சமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது, ஆனாலும் உங்கள் வங்கி உங்கள் கணக்குக்கு எவ்வளவு வைத்திருக்கிறது என்பது வேறு. ஏற்புக் கட்டணத்தைக் கடைசி நாளுக்கு வைக்காமல் இடம் ஒதுக்கிய அன்றே, முடிந்தால் காலையிலேயே, உங்கள் செல்போனில் கட்டிவிட்டு ரசீதை இரண்டு பிரிண்ட் எடுத்து வையுங்கள்.